கால் தரையில் ஊன்றட்டும்: தெருவுக்கும் மணலுக்கும் ஏற்ற மிதிவண்டி

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்த ஐந்தாம் மாதத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். மாற்றிய மூட்டு மிக நன்றாக இருந்தது. வலக்கை மணிக்கட்டு எலும்புதான் முறிந்திருந்தது. மகன் வாங்கித் தந்த புது சைக்கிளில் கடற்கரைக்குச் சென்றவர், சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நிற்க முயன்றிருக்கிறார். கால் தரைக்கு எட்டவில்லை, வண்டியோடு சரிந்துவிட்டார்.

"சைக்கிள் ஓட்டலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், டாக்டர்?" என்று அவர் கேட்டார். உண்மைதான். ஓட்டலாம் என்று சொன்ன நாங்கள், எந்த வண்டியை என்று சொல்லவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இக்கட்டுரை.

குரூஸர் என்பது எது?

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஷ்வின் நிறுவனம், 2.125 அங்குல அகலமுள்ள பருத்த டயர்களைப் பூட்டிய மிதிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வகை வண்டிகளே பின்னாளில் கலிஃபோர்னியக் கடற்கரைகளில் குரூஸர் என்னும் பெயரோடு பரவின. அகன்ற டயர், அகன்ற சீட், ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும் உயர்ந்த ஹேண்டில்பார் ஆகியவை அதன் அடையாளங்கள். நாம் பழகிய பெரிய கறுப்பு சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குல அகலமே உடையது என்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும்.

முதுகை வளைக்காமல் நிமிர்ந்து அமரலாம்; மணிக்கட்டின் மீதும் கழுத்தின் மீதும் பாரம் குறையும்; சாலையின் குலுக்கலை டயரே பெருமளவு வாங்கிக்கொள்ளும். எனவே நகருக்குள் மெல்ல ஓட்ட விரும்பும் நோயாளிகளுக்கு இது பொருத்தமான வண்டியே.

சீட்டின் உயரம்: ஒரு சிக்கல்

மிதிகட்டை கீழே இறங்கிய நிலையில் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது நல்லது. சீட்டை அதற்கும் தாழ்த்தினால் முழங்கால் அதிகமாக மடங்கி, சில்லெலும்பின் பின்புறம் அழுத்தம் கூடும். ஆனால் சரியான உயரத்தில் சீட்டை வைத்தால், சாதாரண வண்டியில் அமர்ந்தபடியே பாதத்தை முழுமையாகத் தரையில் ஊன்ற முடியாது. தலைமையாசிரியர் விழுந்ததற்குக் காரணம் இதுவே.

இதற்குத் தீர்வாக, மிதிகட்டைகளைச் சீட்டுக்கு நேர் கீழே வைக்காமல் சற்று முன்னே தள்ளி அமைத்த குரூஸர்கள் உள்ளன. அவற்றில் கால் முன்னோக்கி நீள்வதால் முழங்காலும் அளவோடு மடங்கும். நிற்கும்போது பாதமும் தரையில் பதியும். மூட்டு மாற்றியவர்களும், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், தடுமாற்றத்திற்கு அஞ்சுபவர்களும் முதலில் தேட வேண்டியது இந்த அமைப்பையே.

ஆண், பெண் யாராயினும் குறுக்குக் கம்பி இல்லாத, 'லேடீஸ் சைக்கிள்' என்று கடைகளில் சொல்லப்படும் வடிவத்தையே பரிந்துரைக்கிறோம். காலைப் பின்னால் தூக்கி வீசி ஏற வேண்டிய தேவை அதில் இல்லை. சில குரூஸர்களில் மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். முழங்கால் வலுவிழந்தவர்களுக்குக் கையால் பிடிக்கும் பிரேக்கே பாதுகாப்பானது.

மணல் வேறு, சாலை வேறு

விளம்பரப் படங்களில் குரூஸர்கள் மணலில் மிதப்பதுபோல் ஓடுகின்றன. மெரினாவின் உலர்ந்த மணலில் நடந்தவர்களுக்குப் பாதம் புதைவது தெரியும். அங்கே சக்கரமும் புதையும். நிமிர்ந்து அமரும்போது உடல் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மீது விழுவதால், தெருவில் சுகம் தரும் அதே அமர்வு மணலில் இடையூறாகிறது.

குரூஸருக்கு ஏற்றது அலை நனைத்து இறுகிய ஈர மணல் மட்டுமே. சென்னைக் கரையில் கடலின் ஏற்றவற்றம் குறைவு. ஆதலால் அந்த ஈரப் பட்டையும் குறுகியது, சரிவானது. மணலில் இறங்குமுன் டயரின் காற்றைச் சற்றுக் குறைக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும். நான்கு அங்குல டயர் கொண்ட 'ஃபேட் பைக்' உலர்ந்த மணலிலும் ஓடும். ஆனால் அது கனமானது, மிதிக்கவும் கூடுதல் வலு வேண்டும். எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. தெருவுக்காக வண்டியைத் தேர்ந்தெடுங்கள். மணல் எப்போதாவது கிடைக்கும் மகிழ்ச்சியாக இருக்கட்டும்.

சனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். அம்மாதங்களில் மணலில் சக்கரம் பதிக்காதிருப்பதே நன்று.

இதயம், சர்க்கரை, இரத்தம்

மணலில் மிதிக்கும்போது இதயத்தின் உழைப்பு திடீரென உயரும். முழு வாக்கியம் ஒன்றை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றால் உடனே இறங்கிவிடுங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவர்கள் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். அது உழைப்புக்கு ஏற்ப உயராது. மார்பு வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் வண்டியை நிறுத்தி, உதவிக்கு அழையுங்கள். பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், மார்பெலும்பு கூடிவிட்டதென்று மருத்துவர் உறுதிசெய்யும் வரை வீட்டில் நிலைச் சைக்கிளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மணலிலும் காலணியைக் கழற்றலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்குச் சிறு வீழ்ச்சியும் பெரிதாகலாம், தலைக்கவசம் கட்டாயம்.

கடையில் பார்க்க வேண்டியவை

• சீட்டில் அமர்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் பதிகின்றனவா?
• மிதிகட்டை ஒரு முழுச் சுற்று வரும்போது முழங்கால் வலியின்றி மடங்குகிறதா?
• இரு பிரேக்குகளையும் விரல்கள் எளிதாகப் பிடிக்கின்றனவா?
• வண்டியை நீங்களே தூக்கி ஒரு படி ஏற்ற முடிகிறதா?
• துருவைத் தாங்கும் அலுமினியச் சட்டமா? எதுவாயினும், கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல நீரால் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் இட வேண்டும்.

பிறந்தநாள் பரிசாக வாங்கித் தர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஓட்டப்போகிறவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மணிக்கட்டு குணமானபின் தலைமையாசிரியர் வண்டியை மாற்றிக்கொண்டார். நாள்தோறும் காலையில் நாளிதழ் வாங்கவும் நண்பர்களைப் பார்க்கவும் அதில்தான் போகிறார். மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி, வண்டியைப் பூட்டிவிட்டு, அலை வரை நடக்கிறார். அந்த நடையும் எங்கள் மருந்துச் சீட்டில் உள்ளதே.