பெருநாள் மணமும் பிள்ளைப் பருவ நினைவும்

மணத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நாற்றம், விரை, வெறி, கடி என அவை பலவாம். இவற்றுள் நாற்றம் என்னும் சொல் பண்டு நறுமணத்தையே சிறப்பாகச் சுட்டி நின்றது. இன்று அதன் பொருள் இழிந்துவிட்டது. வடமொழிவழி வந்த வாசனை என்னும் சொல் வேறொரு வகையில் எண்ணத்தக்கது. மணம் என்ற பொருளோடு, முன்னர் நிகழ்ந்த ஒன்று உள்ளத்தில் விட்டுச்சென்ற பதிவு என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘முற்பிறவி வாசனை’ என்னும் வழக்கில் அப்பொருளைக் காண்கிறோம். மணமும் நினைவும் ஒரே சொல்லில் குடியிருப்பதன் பொருத்தத்தைப் பெருநாள் காலையில் சாம்பிராணிப் புகை சூழ்ந்த வீட்டில் நிற்பவர் எவரும் உணர்வர்.

இவ்வுறவின் ஆழத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று திருக்குர்ஆனின் யூசுப் அத்தியாயத்தில் இடம்பெறுகிறது. மகனைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் ஒளியிழந்தன. ஆண்டுகள் பல கடந்தபின், எகிப்திலிருந்து யூசுப் (அலை) அவர்களின் சட்டையுடன் வணிகக் கூட்டம் புறப்பட்ட அளவிலேயே, தொலைவில் இருந்த தந்தை தம் மகனின் மணத்தை உணர்வதாகக் கூறினார் (12:94). அருகிருந்தோர் அதனைப் பழைய மயக்கம் என்றனர். சட்டை வந்து முகத்தில் இடப்பட்டபோது பார்வை மீண்டது. இஃது இறையருளால் நிகழ்ந்த அற்புதம் என்பது நம் நம்பிக்கை. எனினும், பிரிந்த பிள்ளையின் வருகையைக் கண்ணுக்கும் செவிக்கும் முன்பாக மணம் அறிவித்தது என்பது நாம் கருதத்தக்கதாகும்.

மூக்கு அறியும் வழி

உயிர்களை அறிவு வகையால் பகுத்த தொல்காப்பியர், தொடுதலுக்கும் சுவைத்தலுக்கும் அடுத்து மூன்றாவதாக மூக்கறிவை வைத்தார். கண்ணும் செவியும் அதன் பின்னரே வருகின்றன. இக்கால அறிவியல் மூக்கின் தனித்தன்மையை வேறு வகையில் விளக்குகிறது. மனிதரின் மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உள்ளன. மண ஏற்பிகளுக்குரிய மரபணுக் குடும்பத்தை ரிச்சர்டு ஆக்சல், லிண்டா பக் ஆகிய இருவரும் 1991ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டனர். 2004ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

கண்ணும் செவியும் தரும் செய்திகள் ‘தலாமஸ்’ என்னும் இடைநிலையத்தை அடைந்த பின்னரே மூளைப் புறணிக்குச் செல்கின்றன. மணச் செய்தியோ அங்குத் தங்காமல், உணர்ச்சியை ஆளும் ‘அமிக்டலா’வுக்கும், நினைவைப் பதிக்கும் ‘ஹிப்போகாம்பஸ்’ பகுதியின் அண்டைக்கும் நேரே சென்று சேர்கிறது. ஆதலின், இன்ன மணம் எனப் பெயர் சொல்வதற்கு முன்பே நெஞ்சு நெகிழ்ந்துவிடுகிறது. சொல்லால் தூண்டப்படும் நினைவுகள் பெரும்பாலும் வளரிளம் பருவத்தையும் அதனை அடுத்த ஆண்டுகளையும் சார்ந்தவை என்றும், மணத்தால் தூண்டப்படுவன வாழ்வின் முதல் 10 ஆண்டுகளையே மிகுதியும் சார்ந்தவை என்றும் உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. பெருநாள் மணங்கள் நம்மைப் பிள்ளைப் பருவத்துக்கே இட்டுச் செல்வதன் காரணம் இதுவே.

நோன்பு முதல் பெருநாள் வரை

நோன்பாளியின் வாய்மணம் இறைவனிடத்தில் கஸ்தூரியினும் மேலானது என்பது நபிமொழி. மணத்தின் உயர்வு தாழ்வை மூக்கு மட்டுமே முடிவு செய்வதில்லை, அதன் பின்னுள்ள செயலே முடிவு செய்கிறது என்னும் உண்மையும் இதில் அடங்கும்.

ரமலான் மாதத்தின் முதல் மணம் நோன்புக் கஞ்சியினுடையது. அசர் தொழுகைக்குப் பின் தூக்குவாளியுடன் பள்ளிவாசல் வாயிலில் வரிசையில் நின்ற நாள்களை நம்முள் மறந்தவர் யார்? வெந்தயமும் பூண்டும் முந்திவரும். இஞ்சியும் பட்டையும் கிராம்பும் தொடர்ந்து வரும். இறக்கும் தறுவாயில் இடும் புதினாவும் மல்லித்தழையும் தெருமுனை வரை செல்லும். முதல் நோன்பு நோற்ற சிறுவனுக்கு அம்மணமே பெருஞ்சோதனை. சுவனத்துப் பானத்தில் கலந்திருப்பதாகத் திருக்குர்ஆன் (76:17) கூறும் ‘ஸன்ஜபீல்’ நாமறிந்த இஞ்சியே. அச்சொல்லின் வேர் தென்னாட்டு ‘இஞ்சி’ என்பது மொழியியலார் பலர் கருத்து.

பிறை கண்ட இரவின் மணம் மருதாணி. இலையோடு பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் அரைக்கும்போதே பச்சை மணம் வீடெங்கும் பரவும். அவ்விலையிலுள்ள ‘லாசோன்’ என்னும் சாயம் தோலின் புரதத்தோடு பிணைந்து செந்நிறம் தருகிறது. கையில் அப்பிய மருதாணி கலையாதிருக்க அசையாமல் உறங்க முயன்றதும், விடிந்ததும் கையை முகர்ந்து பார்த்ததும் குழந்தைகளின் பெருநாள் வழக்கங்களாகும்.

காலையில் தேங்காய்ச் சிரட்டை கனலும் தணலில் சாம்பிராணி தூவப்படும். இது சுமத்திரா முதலிய தீவுகளில் வளரும் மரத்தின் பிசின். அரபு வணிகர் இதனை ‘லுபான் ஜாவி’ என்றனர். ‘பென்சாயின்’ என்னும் ஐரோப்பியப் பெயர் அதன் திரிபே. நம் வீட்டுத் தூபக்காலில் கடல்வணிகத்தின் வரலாறே புகைகிறது எனலாம். புகார்த் துறையில் குவிந்த பொருள்களுள் மேற்குமலையின் சந்தனத்தையும் அகிலையும் பட்டினப்பாலை குறிப்பதால், மணப்பொருள் வணிகம் தமிழர்க்குப் புதிதன்று என்பதும் புலனாகும்.

குளித்து, நல்லாடை உடுத்தி, நறுமணம் பூசிச் செல்லுதல் பெருநாள் ஒழுக்கம். அத்தரில் நனைத்த சிறு பஞ்சினை அத்தா தம் காதுமடலில் செருகிக்கொண்டு, எஞ்சியதை நம் புறங்கையில் தடவுவார். கன்னோசி நகரில் இன்றும் செப்புப் பாண்டத்தில் மலர்களைக் கொதிக்க வைத்து, மூங்கிற்குழாய்வழி வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் வடிக்கின்றனர். திடலில் தொழுகை முடிந்து ஒருவரையொருவர் தழுவும்போது அம்மணங்கள் இடம் மாறும். நண்பகலில் நம் சட்டையை முகர்ந்தால் ஊரே அதில் மணக்கும்.

வீடு திரும்பினால் அடுக்களையின் ஆட்சி. சீரகச் சம்பா அரிசியும் நெய்யும் ஏலமும் சேர்ந்த மணம் மதிலைத் தாண்டும். குழம்பு சமைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனியுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. மணம் சென்ற வீட்டுக்குத் தட்டும் செல்ல வேண்டும் என்பதை அதனால் கற்றோம். தைத்திங்களில் அண்டை வீட்டுப் புதுமஞ்சள் மணத்தோடு பொங்கல் நம் வீட்டுக்கு வந்ததும் அவ்வாறே.

இழப்பும் கடமையும்

எம் நன்னி மறைந்தபின் வந்த முதல் பெருநாளை இங்குக் குறிப்பிட வேண்டும். புத்தாடை இருந்தது, விருந்தும் இருந்தது. அறைகளில் கடையில் வாங்கிய மணத்தெளிப்பான் அடிக்கப்பட்டிருந்தது. எல்லாம் முடிந்தபின் வீட்டின் சிறு பிள்ளை, “இன்று பெருநாள்தானா?” என்று கேட்டது. யாவரும் வாயடைத்தோம். தூபக்கால் பரணில் கிடந்தது. தணல் மூட்ட நன்னியை யாரும் கேட்டுக் கற்றிருக்கவில்லை. அவர்தம் கஞ்சிப் பக்குவத்தையும் எவரும் எழுதி வைக்கவில்லை.

தெளிப்பான் தருவதும் நறுமணமே. ஆயினும் நாள்தோறும் ஒரே மணம் வீசும் வீட்டில் எந்த நாளும் தனித்து நிற்பதில்லை. நினைவாக நிலைபெற வேண்டுமாயின், மணம் ஒரு நாளோடும், அதனை உண்டாக்கிய ஒரு கையோடும் பிணைந்திருக்க வேண்டும். இயற்கைப் பொருள் என்பதாலேயே எல்லாம் நலம் பயப்பன அல்ல என்பதையும் மறத்தலாகாது. சாம்பிராணிப் புகையும் ஆஸ்துமா நோயாளரை வருத்தும். ஆதலின் சாளரங்களைத் திறந்து வைத்து அளவாக இடுதல் வேண்டும்.

2020ஆம் ஆண்டு மே மாதம் வந்த ஈகைப் பெருநாளில் ஊரடங்கால் திடல்கள் வெறிச்சோடின. தொழுகையை வீடுகளிலேயே நிறைவேற்றினோம். தழுவலில் மாறும் அத்தர் மணம் அவ்வாண்டு இல்லை. அந்நோயால் மணமறியும் ஆற்றலையே இழந்து தவித்தோரும் பலர். உணவின் சுவையோடு, வீட்டின் அண்மையும் அகன்றாற்போல் அவர்கள் உணர்ந்தனர். மூக்கு எத்துணைப் பெரும் செல்வத்தைக் காத்து நிற்கிறது என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது.

பெருங்காயம் இருந்த பாண்டம் என்பது நம் வழக்கு. பொருள் தீர்ந்தும் மணம் தீராத பாண்டத்தை அது குறிக்கும். பிள்ளைப் பருவ இல்லமும் அத்தகையதே. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ மாணவியர், இல்லத்து மூத்தோரிடம் அமர்ந்து, தணல் மூட்டும் முறையையும், மருதாணி அரைக்கும் பதத்தையும், கஞ்சியில் இடும் வெந்தயத்தின் அளவையும் கேட்டு எழுதிக்கொள்வாராக. எம் வீட்டில் அச்சிறு பிள்ளை வளர்ந்து, இப்போது தானே பரணிலிருந்து தூபக்காலை இறக்கித் துடைத்து வைக்கிறது. பெருநாளா என்று அது மீண்டும் கேட்டதில்லை.