ஷாக் அப்சார்பரைப் பிரிக்கச் சொல்லும் முன்

அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வண்டி பிடித்து விழுப்புரம் மாவட்ட மேல்மலையனூர் வருவது இந்தப் பக்கத்து வழக்கம். ஐந்து பேர் போகும் காரில் எட்டுப் பேர், டிக்கி நிறையப் பாத்திரம். இப்படிப் பல அமாவாசை பார்த்த வண்டியில் ஒருநாள் பின்சக்கரத்தை ஒட்டிய ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்து, புழுதி அப்பிக் கறுத்திருக்கும். “புதுசு எதுக்குண்ணே? பிரிச்சு, சீல் மாத்தி, ஆயில் ஊத்திக் குடுத்துடறேன்” என்பார் மெக்கானிக். நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

பழுதுபார்ப்பது தப்பில்லை. ஆனால் ஷாக் அப்சார்பர் குலுக்கலைக் குறைக்கும் சொகுசுச் சாமான் என்று நினைப்பதுதான் ஆபத்து. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். உள்ளே பிஸ்டனின் சிறு துளைகள், மெல்லிய தகடுகள் வழியாக எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போதுதான் துள்ளல் அடங்குகிறது. எண்ணெய் போய்விட்டால் பள்ளத்தில் இறங்கி ஏறும் டயர் ஒரு கணம் தரையை விட்டு எழும்பும். அந்தக் கணத்தில் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது.

பைக்கின் முன் ஃபோர்க், பிரித்து சீலும் ஆயிலும் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. கார் ஷாக்குகளில் பெரும்பாலானவை அப்படியல்ல; வாயை மடக்கி மூடியிருப்பார்கள். பிரிப்பதென்றால் அறுத்து, மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். பலவற்றில் அழுத்தத்தோடு வாயு அடைத்திருக்கும். அதை வெளியேற்றாமல் சூடு காட்டினால் பட்டறைப் பையனின் உயிருக்கே ஆபத்து. நூறு ரூபாய் மிச்சத்துக்காக அவனை அதில் இறக்கிவிடாதீர்கள்.

பிரிக்கக்கூடிய ஷாக் என்றால், பிரித்ததும் பிஸ்டன் ராடைக் கையில் வாங்கி, பளபளக்கும் குரோம் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் தடுக்கினால், அந்தச் சொரசொரப்பு புது சீலையும் சீக்கிரமே கிழித்துவிடும். அந்த ராடு வேண்டாம். வேலை முடிந்ததும் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி இழுங்கள். தடை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாக நழுவினால் உள்ளே காற்று நிற்கிறது, அல்லது எண்ணெய் போதவில்லை. இஞ்சின் ஆயிலை ஊற்ற விடாதீர்கள். ஒரே அச்சில் இடமும் வலமும் சேர்த்தே செய்ய வேண்டும்.

கம்பெனி அளவிலேயே சீலும் ஆயிலும் மாற்றினால் சட்டச் சிக்கல் இல்லை. வண்டியை உயர்த்துவது, தாழ்த்துவது என்று போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க 182-ஏ பிரிவில் இடமுண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் கேள்வி கேட்கும்.

வேலை சரியில்லையென்றால்? பில் இருந்தால் வழி சுலபம். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். என்ன மாற்றினார்கள், எத்தனை மாத உத்தரவாதம் என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பவும் ஒழுகினால் முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேலை சென்னையில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். பணம் திரும்பக் கிடைக்கவும், குறையைச் சரிசெய்யவும், இழப்பீட்டுக்கும் ஆணையம் உத்தரவிடலாம்.

அடுத்த அமாவாசைக்குக் கிளம்பும் முன் நாலு சக்கரத்துக்குப் பின்னாலும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள்.