மீஞ்சூர் தண்ணியில சோப்பு ஏன் நுரைக்கல? வாளி ஓரத்து வெள்ளைப் படலம் சொல்வதும் சொல்லாததும்

சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. வாளி ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். திருவள்ளூர் மாவட்டத்தின் மீஞ்சூர் பக்கம், உப்பேறிய போர் தண்ணீரைப் பயன்படுத்துவோருக்கு இது பழகிப்போன தொல்லை.

அந்தப் படலம் என்ன?

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரோடு ஒட்டும் தலையும், நீரை விட்டு விலகும் நீண்ட வாலும் உண்டு. தலை தண்ணீருக்குள், வால் வெளியே என இவை மேற்பரப்பில் ஒரே அடுக்காக வரிசைகட்டி நிற்கும். தடிமன் சுமார் 2.5 நானோமீட்டர்தான். நுரைக் குமிழியைத் தாங்குவது இந்த அடுக்கு.

நல்ல தண்ணீரில் தலைகள் எதிர்மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளுவதால் அடுக்கு இளகி இருக்கும். கால்சியம், மெக்னீசியம் அயனிகள் வந்தால் கதையே வேற. இரட்டை நேர்மின்சுமை கொண்ட ஓர் அயனி இரண்டு தலைகளைச் சேர்த்துக் கட்டிவிடும். அடுக்கு விறைக்கும், கரையாமல் திரியும். நுரைக்க சோப்பு மிஞ்சாது.

இதே குணத்தைப் பயனாக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி கேத்தரின் பிளாட்ஜெட். பேரியம் கலந்த இத்தகைய படலத்தை 44 அடுக்குகளாகப் பூசி, ஒளியைப் பிரதிபலிக்காத கண்ணாடியை 1938-ல் உருவாக்கினார்.

மீஞ்சூரில் ஏன்?

சென்னை குடிநீர், ஆலைகள், பாசனம் என ஆரணி - கொசஸ்தலை ஆற்றுப்படுகையில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது. நீர்மட்டம் இறங்கியதும் கடல்நீர் உள்ளே புகுந்தது. 1960-களின் இறுதியிலேயே இது தெரியவந்தது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மி.கி. மெக்னீசியமும் 400 மி.கி. கால்சியமும் இருக்கும். குளோரைடு, சல்பேட்டாகக் கலந்திருக்கும் இவை கொதிக்கவைத்தாலும் போகாது. துணிக்கு டிடர்ஜென்ட் கைகொடுக்கும். அதன் தலையைக் கால்சியம் அவ்வளவு எளிதில் கட்டிப்போடாது.

அப்போ நுரை வந்தா நல்ல தண்ணியா?

இங்கதான் கவனம் தேவை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் உண்டு. ஈய அயனியும் கொழுப்பு அமிலத்தைக் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் குடிநீரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு அனுமதிக்கும் ஈயம் லிட்டருக்கு 0.01 மி.கி. மட்டுமே. கடினத்தன்மைக்கான வரம்போ 200 மி.கி. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை. ஈயம் வரம்பைப் பத்து மடங்கு தாண்டினாலும் நுரையில் வித்தியாசம் தெரியாது. டிடிஎஸ் மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும்.

அதனால் போர் தண்ணீரைக் குடிக்கிறவர்கள், ஆய்வகத்தில் ஈயம் உள்ளிட்ட கன உலோகங்களுக்கான சோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்வதே பாதுகாப்பு.