எச்சில் இலை சொல்லும் கணக்கு

சாப்பாட்டு ஓட்டலில் லாபம் எங்கே போகிறது என்று கேட்டால் கேஸ் விலை, காய்கறி விலை, ஆள் கூலி என்று விரல் விட்டு எண்ணுவார்கள். எச்சில் இலை போடும் தொட்டியை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை! திருச்சியில் மெஸ் நடத்தும் என் நாத்தனாரும் அவள் கணவரும்கூட அப்படித்தான். பதினொரு வருஷ மெஸ். பகல் சாப்பாட்டுக்கு நூற்றிருபது பேருக்குக் குறையாது. ஆனாலும் 2023ல் அவளுடைய இரட்டைவடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விட்டது. "இந்தத் தீபாவளியோட மூடிடலாம்னு இருக்கோம் அண்ணி" என்று அவள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் மூத்த பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரி பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். "அத்தை, எங்க பாக்டரியில பண்றதை உங்க அடுப்படியில பண்ணிப் பார்ப்போமா?" என்றான். இரும்புக்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன்.

ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்று ஓர் என்ஜினீயர் இருந்தார். அமெரிக்காவில் சூப்பர் மார்க்கெட் நடக்கும் விதம் அவர் மனசில் பதிந்திருந்தது. 1956ல் அங்கே போனபோது நேரிலும் பார்த்தார். வாங்க வருகிறவர் அலமாரியிலிருந்து எடுக்க எடுக்க, எடுத்த அளவுக்கு மட்டுமே கடைக்காரர் மறுபடி நிரப்புகிறார். இதையே தொழிற்சாலையில் கொண்டு வந்தார் ஓனோ. அடுத்த ஆள் கேட்டதை, கேட்டபோது, கேட்ட அளவு செய்தால் போதும். வாடிக்கையாளருக்கு எந்தப் பயனும் தராத வேலைக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் 'முடா'. வீண் என்று அர்த்தம். அதில் ஏழு வகை இருப்பதாகவும், தேவைக்கு மேல் செய்து குவிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமென்றும் அவர் சொன்னார். பிற்பாடு, 1988ல், ஜான் கிராப்சிக் என்ற அமெரிக்கர் இந்த முறைக்கு 'லீன்' என்று பெயர் வைத்தார். ஊளைச் சதை இல்லாத உடம்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதல் வாரம் நாங்கள் எதையும் மாற்றவில்லை. நாலு பிளாஸ்டிக் வாளி வாங்கினோம். அடுப்படியில் மிஞ்சிய சாதம் ஒன்றில், இலையில் மிஞ்சிய சாதம் ஒன்றில், பொரியலும் கூட்டும் ஒன்றில், மற்றதெல்லாம் ஒன்றில். சாயங்காலம் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுவது என் வேலை. ஒரே நாளில் அடுப்படியில் மட்டும் ஒன்பது கிலோ சாதம்! நாத்தனார் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு குறை கண்ணில் பட்டால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேள் என்பது ஓனோவின் வழக்கம். கேட்டோம். சாதம் ஏன் மிஞ்சுகிறது? இருபத்திரண்டு கிலோ அரிசியையும் ஒரே தடவையில் வடிப்பதால். ஏன் அப்படி? மாஸ்டர் பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுவார். ஏன்? அவருக்கு வேறு இடத்தில் மாலை டிபன் வேலை இருக்கிறது. வேறு ஆள் ஏன் வடிக்கக் கூடாது? அவ்வளவு பெரிய அண்டாவை உதவிக்கு வரும் அம்மாவால் சாய்க்க முடியாது. ஏன் பெரிய அண்டா? மெஸ் ஆரம்பித்த நாளில் வாங்கியது அது ஒன்றுதான்! பார்த்தீர்களா, ஒரு அண்டாவிலே சங்கிலி போயிருக்கிறது. மூணு கிலோ வடிக்கிற தவலை ஒன்று வாங்கினோம். இப்போது முதலில் பதினாலு கிலோதான். முக்கால் மணிக்கு, அதாவது பன்னிரண்டே முக்காலுக்கு, கூட்டத்தைப் பார்த்து அந்த அம்மாவே அடுத்த தவலையை ஏற்றிவிடுகிறார். அதற்குத் தனியாக ஐம்பது ரூபாய் கொடுக்கிறார்கள். ஒரு மாதத்தில் மிச்சம் ஒரு கிலோவுக்குள் வந்துவிட்டது.

இலையில் மிஞ்சுவதுதான் தகராறு. "அளந்து போட்டா கஞ்சப் பிசினாறின்னு பேரு வராதா அண்ணி?" என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் சொன்னதும் நியாயம்தான். 'போதும் போதும்' என்று கையால் இலையை மறைத்த பிறகும் ஒரு கரண்டி போடுவதில்தானே நமக்குத் திருப்தி! அதனால் அளவைக் குறைக்கவில்லை. முதல் தடவை ஒரு கரண்டி குறைவாகப் போட்டு, சாப்பிடுகிறவர் நிமிர்ந்து தேடுவதற்குள் மறுபடி போய் நிற்பது என்று வைத்துக்கொண்டோம். சௌசௌ கூட்டு மட்டும் கேட்டுவிட்டுத்தான் போடுவது. பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை என்று வாளி காட்டிக் கொடுத்துவிட்டது.

அடிக்கடி வந்து நிற்பதென்றால் பரிமாறுகிறவர் காலுக்கு வேலை அதிகமில்லையா? அங்கே இருக்கும் பெரியவருக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாளிக்கும் அடுப்படி வரை நடக்க வேண்டியிருந்ததுதான் காரணம். கூடத்தின் நடுச் சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டு சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றையும் அங்கேயே வைத்தோம். நடை பாதியாகக் குறைந்தது. இன்றைக்கும் அவர்தான் பரிமாறுகிறார். இந்த முறையைச் சாக்கு வைத்து ஆளைக் குறைக்கிற முதலாளிகளும் உண்டு. அது எனக்குப் பிடிப்பதில்லை.

மளிகைக்கு இரண்டு டப்பா முறை. துவரம் பருப்பு முதல் டப்பா காலியானதும் கடைக்குச் சீட்டுப் போகும். இரண்டாவது தீர்வதற்குள் சரக்கு வந்துவிடும். இது நம் வீட்டுக்கும் ஆகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மிச்சம் பிடிக்கிறேன் என்று மீந்த சாதத்தை வெளியில் வைத்திருந்து மறுநாள் கலந்துவிடக் கூடாது. சாதத்தில் வரும் ஒருவகைக் கிருமியின் வித்து வேக வைத்தாலும் சாகாது. அறைச் சூட்டில் பெருகி வாந்தி பேதி உண்டாக்கும். சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்ஷியஸுக்கு மேல், குளிரில் என்றால் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மடியில் குழந்தை உள்ள வீட்டில் இரட்டை ஜாக்கிரதை தேவை.

ஓட்டல்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கெடுத்ததில், 2022ல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் ஓட்டல், கேன்டீன்களின் பங்கு 28 சதவீதம். வீடுகளின் பங்கோ 60 சதவீதம்! உங்கள் வீட்டிலும் ஒரு வாரம் வாளி வைத்து நிறுத்துத்தான் பாருங்களேன்.

சங்கிலி இன்னும் வீடு வந்து சேரவில்லை. வட்டி பாக்கியில்லாமல் போகிறது. மூடுகிற பேச்சும் இல்லை. பிடிபடாமல் இருந்தது முகூர்த்த நாட்கள்தான். அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள், மெஸ் காற்றாடும். வருஷம் பிறந்ததும் காலண்டரில் அந்தத் தேதிகளுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுகிறாள் நாத்தனார். அன்று முதல் உலை பத்துக் கிலோதான்.