எருமை போன பின்

கண்டிக்குத் தெற்கே ஓங்கி நிற்கும் ஹந்தானை மலைச் சரிவுகள் வறட்சிக் காலத்தில் தீப்பற்றி எரிவது நம்மூரார் கண்டு பழகிய காட்சி. எரிவதில் பெரும்பகுதி புல். அதிலும் கினிப்புல் இந்நாட்டுக்கு உரியதன்று. மாட்டுத் தீவனத்துக்கென ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்தது. மேய வாயில்லாத இடத்தில் அது ஆளுயரம் வளர்ந்து, காய்ந்து, தீக்கு இரையாகிறது.

இங்கே மாடு மேயலாமா என்றால், காவல் நிலத்தில் கால்நடைக்கு இடமேது என்பர் கற்றோர் பலர். அன்னார்க்கு இராசத்தானத்துப் பரத்பூரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

அங்குள்ள கேவலாதேவ் பறவைக் காப்பகம் ஏறத்தாழ 29 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. முன்னாளில் அரசரின் வேட்டைக்களம். சுற்றூர் எருமைகள் தலைமுறை தலைமுறையாக அதன் நீர்நிலைகளில் இறங்கி மேய்ந்தன. 1982 இல் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. பறவையியற் பேரறிஞர் சலீம் அலியும் அதனை வேண்டியவரே. ஊரார் எதிர்த்தனர், காவலர் சுட்டனர், உயிர்கள் மாண்டன.

பின் நிகழ்ந்ததை என்னென்பது! எருமை தின்று கழித்துவந்த நீர்ப்புல், தின்பாரின்றித் தழைத்து நீர்ப்பரப்பை மூடிற்று. வாத்துகள் நீந்தித் திரிய இடம் குறுகிற்று. எருமையை விலக்கியது பறவைக்கே தீங்காயிற்று என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டு ஆராய்ந்து 1991 இல் அறிக்கை எழுதினர். சலீம் அலி தூணாக விளங்கிய கழகமே அது. ஆய்வு நேர்மைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் இலக்கண நூலார்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது. கருப்பொருளை எண்ணுங்கால் மரம், புள், விலங்கோடு மக்கள் தொழிலையும் ஒருங்கு வைத்தவர்கள் அவர்கள். முல்லைக் காட்டிலிருந்து ஆயரைப் பிரித்தால் எஞ்சுவது முல்லையன்று.

ஆயினும் பரத்பூரின் சதுப்புநிலம் வேறு, ஹந்தானையின் செங்குத்துச் சரிவு வேறு. மந்தையின் குளம்பு பட்டால் மழைக்காலத்தில் மண் சரியும். முற்றிய கினிப்புல்லை மாடு எளிதில் தொடாது; தளிர்ப் பருவத்தில்தான் விரும்பும். ஆட்டை விட்டாலோ, மீண்டு வரும் இளமரக் கன்றுகள் தப்பா.

பரத்பூரில் பின்னர் ஊரார் புல்லறுத்துச் செல்ல இசைவு பெற்றனர். நம் மலையகத்திலும் பசு வளர்க்கும் தோட்டத்து மக்கள் அரிவாளோடு சென்று, புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொணர்பவர்களே. ஹந்தானைக்குக் காவல் திட்டம் வகுப்போர், எச்சரிவில் எம்மாதம் அறுக்கலாம் என்பதை முதலில் அவர்களிடம் கேட்டறியட்டும்.