இரவுச் சாப்பாட்டுக்கு மெக்சிக்கோ சோறு

மெக்சிக்கோவில் சோற்றின் பெயர் ‘அர்ரோஸ்’. அரபியரின் ‘அர்ருஸ்’தான் ஸ்பெயின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது! அந்த நாட்டு முறையில் அவணில் வைத்தெடுக்கும் சோறு இது.

2 கோப்பை பாஸ்மதி அரிசியைக் கழுவி, நீரை நன்றாக வடித்துவிடுங்கள். எண்ணெயில் வெங்காயம், பூண்டுடன் அரிசியையும் இளம் பொன்னிறமாகும்வரை வறுங்கள். சகோதரிகளே, இதில் அவசரம் வேண்டாம். வறுபடாத அரிசி அவணில் குழைந்து களியாகிவிடும்.

அரைத்த தக்காளி ஒன்றரைக் கோப்பை, சுடுநீர் இரண்டரைக் கோப்பை, சின்னச்சீரகத் தூள் 1 தேக்கரண்டி, உப்பு சேர்த்து, மூடி வேகவிடுங்கள். அவித்துப் பிய்த்த கோழியிறைச்சி, சோளமுத்து, கறிமிளகாய் கலந்து தட்டில் பரப்பி, மேலே சீஸைத் துருவுங்கள். (பிள்ளைகள் இன்னும் கேட்பார்கள், ஒரு கோப்பை போதும்.) 180 பாகை சூட்டில் 20 நிமிடம்.

அவண் இல்லையா? அடிகனமான சட்டியில் மூடி, தணலில் 10 நிமிடம் வையுங்கள். சீஸ் சிவக்காது, உருகும்.