'ஆமென்' சொல்லும் இசைத்தட்டு!

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் இருக்கும் கத்தோலிக்க ஆலயம் 1747-ல் கட்டப்பட்டது. வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர் அது. பூசையில் பாதிரியார் ஜெபத்தைச் சொல்லி முடிக்க, கூட்டம் ஒரே குரலில் 'ஆமென்' என்று பதில் சொல்லும். இதே அழைப்பும் பதிலும் ஜாஸ் இசையில் எப்படி ஒலிக்கும்? 'மோனின்' கேட்டுப் பாருங்கள்!

1958 அக்டோபர் 30. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வீட்டு ஹால். பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்த ரூடி வான் கெல்டர், தன் பெற்றோரின் வீட்டு ஹாலையே ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தார். ட்ரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. ட்ரம்பெட் லீ மார்கன், வயது 20 தான். பியானோவில் அமர்ந்த பாபி டிம்மன்ஸ்தான் பாட்டையும் அமைத்தவர். பியானோ ஒரு சின்ன வரியை வாசிக்கும். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் இரண்டே ஸ்வரத்தில் 'ஆ-மென்' போலப் பதில் தரும். ப்ளூஸையும் தேவாலய இசையையும் ஜாஸுக்குள் கொண்டுவந்த இந்தப் பாணிக்கு 'ஹார்ட் பாப்' என்று பெயர்.

இந்த ஆல்பத்தை ப்ளூ நோட் நிறுவனம் 180 கிராம் தட்டாக மறுபடி வெளியிட்டிருக்கிறது. மூல நாடாவை ஓடவிட்டு, கம்ப்யூட்டர் குறுக்கிடாமல், கெவின் கிரே என்ற பொறியாளர் நேரடியாகத் தட்டில் பள்ளம் வெட்டுகிறார். அதிலிருந்து உலோக அச்சு, அச்சிலிருந்து வினைல். ஆடியோஃபைல்கள் காசு கொடுப்பது இந்த 'நேரடி'க்காகத்தான்.

அது நிஜமாகவே நேரடியா என்பதில்தான் சிக்கல். மொபைல் ஃபிடெலிட்டி என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் தன் தட்டுகள் பலவற்றில் இடையே டிஜிட்டல் பதிவைப் பயன்படுத்தியது 2022-ல் வெளியே வந்தது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதுவரை அந்தத் தட்டுகளைக் கொண்டாடிய பல காதுகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை!

அதனால் அவசரப்பட்டு பிளேயர் வாங்கிவிடாதீர்கள். சுமாரான ஊசியில் எந்த உயர்ந்த தட்டும் பாழ். பரணில் அப்பா காலத்து பிளேயர் நல்ல நிலையில் இருந்தால், ஊசியை மாற்றிவிட்டு யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நல்ல இயர்போன் போதும். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். ஜிமி மெரிட்டின் பேஸ் அதில் காணாமலே போய்விடும்.

அன்று வாசித்த ஐவரில் கடைசியாக இருந்தவர் சாக்ஸபோன் கலைஞர் பென்னி கோல்சன். 2024 செப்டம்பரில், 95 வயதில் அவரும் காலமானார்.